கூறைத்தட்டு ஏறிய ஜீப்

போன கிழமை ஜீப்பைச் சேர்விஸுக்கு விட்டிருந்தேன். முன்சீட்டைக் கழற்றிக் கூட்டித் துடைத்தவர் வெளியே வந்து என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். கையில் ஒரு பழைய பெயின்ற் மூடி. அதில் ஒரு பிடி மஞ்சள் அரிசி, காய்ந்து சுருண்ட மல்லிகை, இரண்டு பாக்கு.

"அக்கா, உங்கட வாகனத்துக்குள்ளயோ கலியாணம் நடந்தது?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே இங்கே சொல்லிவிடுகிறேன்... நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் ஜீப். என் வீட்டுக்காரர் தெற்கே ஒரு பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியார் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் புங்குடுதீவுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். ஊர் திரும்புகிறவர்கள் கட்டில், அலுமாரி, கதிரை என்று ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவர் ஒரு யானையைக் கொண்டு வந்தார்.

பழைய ஜப்பான் ஜீப். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வகை. ஏதோ தேயிலைத் தோட்டத்தில் வருடக்கணக்காக மலை ஏறி இறங்கியதாம். அதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்; அதைக் கேட்டுத்தான் இவரும் வாங்கியிருக்கிறார். எங்கள் தீவில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? ஆகக் கூடிய உயரம் பாடசாலைக்கு முன்னால் போட்ட வேகத்தடை!

வந்த அன்றே ஜீப் படலைக்குள்ளால் நுழையவில்லை. ஒரு பக்கத் தூணை இடித்தோம். ஒழுங்கையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தால் இரண்டிலொன்று பின்னுக்குப் போகவேண்டும். சைக்கிள்காரர் போவதேயில்லை. ஆகவே இந்த ஊரில் ரிவேர்ஸ் கியர் என்னைப்போல் வேறு யாருக்கும் பழக்கமில்லை.

ஏன் நான்? வாங்கியவர் அவரல்லவா?

அதுதான் வேடிக்கை. ஜீப் வந்து கொஞ்ச நாளில் இவருடைய கண்ணைச் சோதித்த டொக்டர், இரண்டு கண்ணிலும் கற்றராக்ட், வாகனம் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்தது. மற்றக் கண் முறைக்காகக் காத்திருக்கிறது. நான் ஸ்டியரிங்கில். இவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இடப்பக்கத்தில். வாய் மட்டும் ஓய்வதில்லை. அவுஸ்திரேலியாவில் யாரோ ஆற்றுக்குள்ளால் ஜீப் ஓடும் யூரியூப் வீடியோக்களை வருடக்கணக்காகப் பார்த்துப் படித்த மனுசன். அறிவு அவரிடம். பெடல் என்னிடம்.

ஒருநாள் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணல்தான் இந்த வாகனத்துக்கு இயற்கையான இடமென்றார். நம்பி இறக்கினேன். இருபது யார் தூரம் போயிருக்காது... ஜீப் உட்கார்ந்துவிட்டது. நான் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது ஆசையோடு கீழே போனது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம், நாலு சில்லும் சேர்ந்து புதையவும் செய்யும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். கடைசியில் இவர் சொன்னபடி ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, மிதிக்காமல், குழந்தையை நடை பழக்குவதுபோல் மெதுவாக விட்டதும் ஏறி வந்தது. இவர் அன்று முழுக்க அதைப்பற்றியே பேசினார். நான் ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டேன்: பதறினால் காலை எடு.

சரி, கலியாணத்துக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை தர்சினி. இந்தப் பகுதியின் மிட்வைஃப். மழையோ வெயிலோ, ஸ்கூட்டியில் அவள் போகாத ஒழுங்கை கிடையாது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறந்த நிறை அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவளுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. முதலில் பேசிய சம்பந்தம் கனடாவுக்குப் போய்ப் பேசாமலே போய்விட்டது. அடுத்தது, நாள் குறிக்கப் போகையில் 'வேற நாள் பாப்பம்' என்றது. அந்த வேறு நாள் வரவேயில்லை. முப்பதைத் தாண்டிய பிள்ளையைப் பார்த்து ஊர் எப்படி இரக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் அந்த இரக்கத்தைத்தான் வெறுத்தாள்.

மூன்றாவதாக வந்தவர் ரமணன். வவுனியாவில் விஞ்ஞான ஆசிரியர். தகப்பன் இல்லை, தாயும் ஒரு தாய்மாமனும்தான். அமைதியான மனுசன். இரண்டு பேரும் மாதக்கணக்கில் போனில் கதைத்தார்கள். ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு அவள் சிரித்துச் சிரித்துக் கதைப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரிப் போய்விடுவேன்... போய் இவரிடம் சொல்வேன்.

கார்த்திகையில் நாள் வைத்தார்கள். கோயிலடி மண்டபத்தில் முற்பகல் முகூர்த்தம். கார்த்திகையும் தன் வேலையைச் செய்தது. நாள்கணக்காக மழை விடவில்லை. கலியாணத்தன்று விடிய, வடக்கிலிருந்து காற்றும் சேர்ந்துகொண்டது.

எங்கள் தீவையும் வேலணையையும் இணைப்பது கடலுக்குள்ளால் போகும் ஒரு நீண்ட தாம்போதி. ஊரில் பாலம் என்போம். இரண்டு பக்கமும் கடல், நடுவே ரோட்டு. வழக்கமாகக் கடல் தன் இடத்தில் இருக்கும். ரோட்டு தன் இடத்தில் இருக்கும். அன்று கடல் ரோட்டில் ஏறிவிட்டது.

நான் தர்சினி வீட்டில் தலையலங்காரம் செய்கிறவருக்குப் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தகப்பனாருக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். முகம் போன போக்கில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பேசியது மாப்பிள்ளையின் மாமா. வவுனியாவிலிருந்து வந்த பஸ் பாலத்தின் வேலணைப் பக்கத்தில் நிற்கிறதாம். ரோட்டுக் கரை தெரியவில்லை, ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று ரைவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே நின்ற ஒருவர் தன் ட்ரக்டரில் ஏற்றிப்போய் விடுகிறேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளையை மாட்டுப் பசளை ஏற்றுகிற பெட்டியிலா ஏற்றுவது என்று மாமா கோபித்துக்கொண்டார். கடைசியாக அவர் சொன்னதுதான் விஷயம்: புறப்பட்ட நேரம் தொட்டுச் சகுனம் சரியில்லை, கடலே வழிமறிக்கிறது, நாங்கள் வேறு நாள் பார்ப்போம்.

வேற நாள் பாப்பம். அதே சொல்.

அறையிலிருந்த பெண்கள் யாரும் தர்சினியின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று பூத்தட்டில் வேலை வந்துவிட்டது. அவள் கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பாதி வைத்த நெற்றிச்சுட்டியைத் தானே சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஜீப் நிக்குதோ?"

"நிக்குது."

"தண்ணிக்குள்ளால போகுமோ?"

நான் வாய் திறக்க முன்னமே, வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். போகும், அதற்காகத்தான் அதைச் செய்தது என்று. அந்த நேரம் அவரை என்ன செய்தாலும் தகும்போல இருந்தது.

போய்ப் பார்ப்போம், ஏலாதென்று தெரிந்தால் திரும்புவேன், கெஞ்சக்கூடாது என்றேன். தர்சினி ஓமென்றாள். ஆனால் அவள் எழும்பிச் செருப்பைத் தேடியபோதுதான் எனக்கே விளங்கியது — அவளும் வருகிறாள்!

தாலி ஏறாத பொம்பிளை, மாப்பிள்ளையைத் தேடிப் போவதா? வீடு கொதித்தது. பெரியம்மாமார் குறுக்கே நின்றார்கள். அவளுடைய தாய் மட்டும் ஒரு துவாயை எடுத்து மகளின் தோளில் போட்டார். தலை நனையாமல் பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கை வாய்க்காலாகியிருந்தது. ஆகவே வீட்டுப் பின்பக்கத் தரவைக்குள்ளால் விட்டேன். வெயில் காலத்தில் மாடுகள் மேய்கிற வெளி. அன்று அது பசுமையான சேறு. சிறிய கியர்த் தடியை நாலு சில்லுக்கு மாற்றினேன். ஜீப் ஒருமுறை முனகிவிட்டு நடக்கத் தொடங்கியது. பின்பக்கம் வழுக்கியது, ஒரு மாடு எழும்பாமலே எங்களைப் பார்த்தது, இவர் காற்றை இறக்குவோமா என்றார். நான் பதறவில்லை. காலை எடுத்தேன். மெதுவாகப் பெரிய ரோட்டில் ஏறினோம்.

பாலத்தடியில் நிறுத்தினேன்.

என்னத்தைச் சொல்ல... இந்தப் பாலத்தில் ஆயிரம் தடவை போயிருப்பேன். அன்றைக்கு அங்கே பாலம் இருந்த அடையாளமே இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர். அதன் நடுவே, ரோட்டின் இரு கரையிலும் நட்ட வெள்ளைக் கற்களின் தலைகள் மட்டும் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. சில இடங்களில் கல்லும் இல்லை.

அந்த நேரம் வேலணைப் பக்கத்திலிருந்து வேறொரு ட்ரக்டர் வந்து கரையேறியது. அதன் சில்லில் ஈரம் ஏறிய உயரத்தைப் பார்த்தேன். எனக்குக் கதவடிவரை வரும். உள்ளே வராது. நடுவில் ரோட்டு உடைந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இந்தப் பக்கம் வரும்போது இடக்கரை ஓரிடத்தில் அரித்திருக்கிறது, நடுவாலே போங்கோ என்றார் ட்ரக்டர்காரர்.

இறக்கினேன்.

"கியரை மாத்தாதையும். ஒரே சீராப் போம்" என்றார் இவர். வழக்கமான பிரசங்கம் இல்லை. குரல் சின்னதாக இருந்தது. அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கென்னவோ தைரியம் வந்தது. மனித மனம் ஒரு விசித்திரம்!

பம்பருக்கு முன்னால் தண்ணீர் பிளந்து இரண்டு பக்கமும் விரிந்தது. காற்று வலப்பக்கம் தள்ளியது. நான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மட்டும் பார்த்தேன். 

பாதி தாண்டியிருப்போம். மழைக்குள் ஏதோ அசைந்தது. முதலில் அதைக் கொக்கு என்று நினைத்தேன். கிட்டப் போனால்... மனுசன்.

பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். பட்டுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு ஷொப்பிங் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதற்குள் மாப்பிள்ளைத் தலைப்பாகை. மற்றக் கையால் ஒரு வெள்ளைக் கல்லைப் பிடிப்பார். கால்களால் தடவித் தடவி அடுத்த கல்லுக்குப் போவார். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார்.

தர்சினி நிறுத்தச் சொன்னாள். நடுத்தண்ணீரில் நிறுத்தவே கூடாது என்றார் இவர். நான் நிறுத்தினேன். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

அவள் கண்ணாடியை இறக்கினாள். ரமணன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பூவும் சுட்டியுமாக அவள். கல்லைப் பிடித்தபடி அவர். உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"பிறகேன் இறங்கினனீங்கள்?"

அவர் மூச்சு வாங்கினார். "வேற நாள் பாப்பம் எண்டு கதைக்கினம். எனக்கு வேற நாள் வேண்டாம்."

வாசகர்களே, நான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனையோ பேரைக் கிண்டலடித்திருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வருவது நல்லதல்ல என்று பிறகு நானே அவரை ஏசினேன்.

தர்சினி பின்கதவைத் திறந்தாள். அவர் ஏறி உட்கார, அவரோடு பாதிக் கடலும் ஏறியது. அவள் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினாள்.  நான் மெதுவாக விட்டேன்.

அம்மாவிடம் சொல்லாமல்தான் இறங்கினேன் என்று ரமணன் கொஞ்சம் கழித்துச் சொன்னார். ஒரு ட்ரக்டர் தண்ணீருக்குள் இறங்கிப் போனதைக் கண்டதும், பஸ்ஸின் மற்றப் பக்கத்தில் எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவியிருக்கிறார்.

ஆனால் தாய்க்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கரையேறும்போது அந்த அம்மா தண்ணீர் விளிம்பில் நின்றார். மாமா அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். மகன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அந்த அம்மா அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். அடித்த கையாலேயே தன் பட்டுச்சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய தலையைத் துவட்டினார். அப்புறம்தான் பின்னால் இறங்கி நின்ற பொம்பிளையைக் கண்டார்.

தர்சினி வழியெல்லாம் மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்ததைச் சொல்லிவிட்டாள். குரல் உயரவில்லை.

"மாமி, திரும்பிப் போறதெண்டால் போங்கோ. ஆனா மழையெண்டும் சகுனமெண்டும் சொல்லாதேங்கோ. என்னைப் பிடிக்கேல்லையெண்டு சொல்லுங்கோ. அதை நான் தாங்குவன்."

மாமா ஏதோ தொடங்கினார். சகுனம் என்ற சொல் வருவதற்குள் அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"என்ர தம்பியில பிழையில்லை. சகுனம் எண்டு சொல்லச் சொன்னதே நான்தான்" என்றார். "பயம் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது, பிள்ளை."

பிறகு சொன்னார், எங்களைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி. ரமணன் சின்னப் பிள்ளையாயிருந்த காலம். இப்படியொரு மாரி. குளம் நிரம்பி வான்கதவால் தண்ணீர் பாய்ந்து ரோட்டை மூடியிருந்தது. ஒவ்வொரு நாளும் போகிற ரோட்டுத்தானே என்று மோட்டார் சைக்கிளை இறக்கினார் கணவர். அந்த அம்மா கரையில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அன்று தொட்டுத் தண்ணீர் மூடிய ரோட்டைக் கண்டால் அவருக்குக் கால் எழும்பாது. மகனைக் குளிக்கக்கூடக் குளத்துக்கு விட்டதில்லை. அதனால்தான் ரமணனுக்கு நீச்சலும் தெரியாது.

தர்சினியின் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே கழன்றுவிட்டது. மிட்வைஃப் அல்லவா... பயந்தவர்களின் கையைப் பிடிப்பதுதானே அவளுடைய அன்றாடத் தொழில். போய்க் கையைப் பிடித்தாள். அப்படியென்றால் நாங்கள் இங்கேயே நிற்போம், தண்ணீர் வற்றிய பிறகு போவோம், முகூர்த்தம் போனாலும் பரவாயில்லை, நான் அப்பாவுக்குச் சொல்கிறேன் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள்.



அந்த அம்மா அவளை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உமக்கு இந்த ரோட்டு தெரியுமோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பயமில்லையெண்டு சொல்லமாட்டன், அம்மா. ஆனா ரோட்டு எங்க கிடக்கெண்டு தெரியும். தண்ணி இழுக்கேல்லை, தள்ளுது மட்டும்தான். இப்பதான் வந்தனான்."

பஸ்ஸுக்குள்ளிருந்து கூறைத்தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தாலிக்கு முன்னர் பொம்பிளை உடுப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சேலை கூறை. அதுவும் தாலியும் அரிசி, பூ, பாக்கு வெற்றிலையோடு ஒரே தட்டில் வரும். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு, நான் முன்னால்தான் இருப்பேன், கண்ணுக்குத் தெரிந்தால் பயம் குறையும் என்றார்.

முன்சீட்டில் என் வீட்டுக்காரர் இருந்தார். ஒன்றும் பேசாமல் இறங்கிப் பின்னால் ஏறினார்.

மற்றவர்கள் அங்கே நின்ற ட்ரக்டரில் வருவதென்று முடிவாயிற்று. பசளைப் பெட்டிக்குச் சம்மதித்தே ஆகவேண்டிய நிலை மாமாவுக்கு.

திரும்பவும் தண்ணீர். இம்முறை காற்று மற்றப் பக்கத்தால். அந்த அம்மா மடியில் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியோடு ஒட்டி இருந்தார்.  கொஞ்சத் தூரம் போனதும் மெல்லிய குரலில், "கல்லு" என்றார். அடுத்தது தெரிந்ததும், "கல்லு." அப்படியே ஒவ்வொன்றாக. இடக்கரையில் கண் எட்டாத எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பின்சீட்டில் யூரியூப் முழுவதும் மௌனம்.

திடீரென்று "கல்லு இல்லை" என்றார்.

அதே நேரம் இடப்பக்க முன்சில்லு இறங்கியது. ஜீப் சரிந்தது. ட்ரக்டர்காரர் சொன்ன அரித்த இடம். நடுவாலே போகிறேன் என்றுதான் நினைத்தேன். காற்று என்னை எப்போதோ ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. கூறைத்தட்டு சாய்ந்தது. அரிசியும் பாக்கும் பூவும் சீட்டின் இடுக்கெல்லாம் கொட்டின. சேலையையும் தாலிப் பெட்டியையும் மட்டும் அந்த அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

  என் கால் அக்சிலரேட்டரை உதைக்கத் துடித்தது. சாட்டி மணல் கண்முன் வந்தது. காலை எடுத்தேன். ஜீப் அப்படியே நின்று உறுமியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் வளைத்து, பெடலில் பெருவிரலை மட்டும் வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். மற்ற மூன்று சில்லும் எதையோ பற்றிக்கொண்டன. மூக்கு மெதுவாக, மிக மெதுவாக, மேலே வந்தது.



"கல்லு" என்றார் அந்த அம்மா.

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான தமிழ்ச் சொல்லை நான் கேட்டதில்லை.

கரையேறியதும் அடுத்த பிரச்சினை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கலாமோ? கூடாது என்றார் மாமியார். கடல் கடந்தவருக்குச் சம்பிரதாயம் திரும்பவும் ஞாபகம் வந்துவிட்டது. ஆகவே தரவைக்குள்ளால் சுற்றி மண்டபத்தின் பின்பக்கம் போய், சமையல் கொட்டிலடியில் தர்சினியை இறக்கினேன். சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தவர் அகப்பையோடு அப்படியே நின்றார். அவள் அவரைப் பார்த்து வாயில் விரலை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பிறகு முன்வாசலுக்குப் போய் மாப்பிள்ளையை முறைப்படி இறக்கினோம். மேளம் முழங்கியது. பொம்பிளை வீட்டுத் தோழன் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார் — முழங்கால்வரை கடலில் ஊறிய காலுக்கு! ரமணன் தலைப்பாகையைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். அது மட்டும்தான் அவரிடம் காய்ந்திருந்தது.

முகூர்த்தத்தின் வால் பக்கத்தில் தாலி ஏறியது. ஐயர் வேகம் கூட்டி மந்திரம் சொன்னார். அதே நேரத்தில் ட்ரக்டர் வந்து நின்றது. பெட்டிக்குள் எல்லோரும் குந்தியிருக்க, மாமா மட்டும் நடுவில் குடை பிடித்தபடி நிமிர்ந்து நின்று வந்தார். படக்காரர் தாலி கட்டும் படத்தைவிட அதைத்தான் அதிகம் எடுத்தாரென்று ஒரு கதை.

பொம்பிளை போய் மாப்பிள்ளையைக் கூட்டி வந்த சேதி? இலை போடுவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சமையல்காரர் சொன்னாரா, மாடு சொன்னதா, தெரியாது.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி யோசிக்கிறேன். நாள் சரியில்லை என்கிறோம். சகுனம் சரியில்லை, ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது, இப்ப வேண்டாம், பிறகு பார்ப்போம் என்கிறோம். எவ்வளவு சுற்றுப்பாதை! 'எனக்குப் பயமாயிருக்கு' என்று நேரே சொல்ல ஏன் நாக்கு வருவதில்லை? சொன்னால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார் என்று நினைக்கிறோம். அநேகமாக அவர் சிரிப்பதில்லை. கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த அம்மா பாலத்தடியில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், இரண்டு நல்ல மனுசிகள் ஆயுள் முழுவதும் ஒருவரையொருவர் பிழையாகவே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஒருத்தி தன்னை வேண்டாமென்று விட்டார்கள் என்று. மற்றவர்... அவர் என்ன நினைத்திருப்பார் என்றும் ஊகிக்கலாம்.

பின்னேரம் மழை விட்டது. காற்று திரும்பியது. கடல் ஒன்றும் அறியாத மாதிரித் தன் இடத்துக்குப் போய்விட்டது. பாலம் கழுவித் துடைத்ததுபோல் கிடந்தது. பஸ்ஸும் மண்டப வாசலுக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் சடங்குக்காக எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். பொம்பிளை மாப்பிள்ளைக்கு முன்வரிசைச் சீட்.

அந்த அம்மா பஸ்ஸைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். வேலணைக் கரைவரை இதிலேயே வருகிறேன் பிள்ளை, இந்தப் பாலத்தை ஒருக்கால் காய்ந்தபடியும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு, யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்குத் துணையாகப் பின்சீட்டை மூன்று பெரியம்மாமார் பிடித்துக்கொண்டார்கள். நான் ஸ்டார்ட் செய்தேன்.

ஆசை ஆசையாய் அந்த ஜீப்பை வாங்கிய என் வீட்டுக்காரர் பஸ்ஸில்தான் பாலம் கடந்தார்... சகுனம் பற்றி மாமா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு!